கணக்கில் எழுந்த பாலங்கள்

நுழையும்முன்

வண்ணாரப்பேட்டை, இராயபுரம் பகுதிகளின் தொழிற்கூடக் கூரைகளை அண்ணாந்து பார்த்தால், இரும்புச் சட்டங்கள் முக்கோணங்களாக இணைந்திருப்பதைக் காணலாம். துறைமுகத்தின் பாரந்தூக்கிகளிலும் எண்ணூர்ப் பக்கத்து மின்கோபுரங்களிலும் அதே முக்கோணங்கள் உள்ளன. பட்டறைகளில் ‘டிரஸ்’ என வழங்கும் இச்சட்டகத்தின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியும். அக்கணக்கைப் பாலம் கட்டுவோர்க்கு நூலாக வழங்கிய ஸ்குயர் விப்பிளின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

இளமையும் கல்வியும்

ஸ்குயர் விப்பிள் 1804ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹார்ட்விக் என்னும் ஊரில் பிறந்தார். உழவரான அவர்தம் தந்தை, சில ஆண்டுகள் பஞ்சு நூற்கும் ஆலை ஒன்றையும் அமைத்து நடத்தினார். சுழலும் சக்கரங்களையும் அவற்றைத் தாங்கும் மரச்சட்டங்களையும் அருகிலிருந்து காணும் வாய்ப்பு சிறுவனுக்குக் கிட்டியது. 1817இல் குடும்பம் நியூயார்க் மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தது. விப்பிள் அங்குள்ள யூனியன் கல்லூரியில் பயின்று 1830இல் பட்டம் பெற்றார்.

பின்னர் இருப்புப்பாதை, கால்வாய் ஆகியவற்றுக்கான நில அளவைப் பணிகளில் ஈடுபட்டார். பணியில்லாத நாள்களில் நில அளவைக் கருவிகளைத் தம் கையாலேயே செய்து விற்றார். சரக்கேற்றிய படகை அப்படியே நிறுக்கும் பெருந்தராசு ஒன்றையும் வடிவமைத்தார். அளந்தறியாத எதையும் நம்பாத மனம் அவருக்கு இப்பணிகளாலேயே வாய்த்தது எனலாம்.

வில்லும் நாணும்

363 மைல் நீளமுள்ள ஈரிக் கால்வாய் 1825இல் திறக்கப்பட்டது. அதனை அகலப்படுத்தும் பணி தொடங்கியபோது, குறுக்கே செல்லும் பாலங்களையும் நீளமாக அமைக்க வேண்டியதாயிற்று. மரப்பாலங்களோ மழையிலும் ஈரத்திலும் விரைவில் உளுத்தன. இரும்பே தீர்வெனக் கண்ட விப்பிள், வில்வடிவச் சட்டகப் பாலம் ஒன்றை உருவாக்கி 1841இல் காப்புரிமை பெற்றார்.

அப்பாலத்தின் மேல்பகுதி வளைந்த வில்லைப் போன்றது; கீழ்ப்பகுதி நாணைப் போன்றது. சுமை ஏறும்போது வில் அமுக்கப்படுகிறது, நாண் இழுக்கப்படுகிறது. அமுக்குவிசையை நன்கு தாங்கும் வார்ப்பிரும்பு, இழுத்தால் எளிதில் முறிந்துவிடும். தேனிரும்போ இழுவிசையைத் தாங்கவல்லது. எனவே வில்லுக்கு வார்ப்பிரும்பையும் நாணுக்குத் தேனிரும்பையும் அவர் தேர்ந்தார். எந்த உறுப்பு அமுக்கப்படுகிறது, எது இழுக்கப்படுகிறது என அறியாமல் இத்தேர்வைச் செய்ய இயலாது.

மூட்டுதோறும் சமநிலை

அக்காலத்தில் பாலங்கள் பெரும்பாலும் பழக்கத்தாலும் ஊகத்தாலும் கட்டப்பட்டன. விப்பிள் சட்டகத்தை முழுதாக நோக்காமல், உறுப்புகள் கூடும் மூட்டுகளை ஒவ்வொன்றாக நோக்கினார். பாலம் அசையாது நிற்கிறது என்றால் அதன் ஒவ்வொரு மூட்டும் அசையாது நிற்கிறது. அசையாத மூட்டில் மேல்நோக்கும் விசைகளும் கீழ்நோக்கும் விசைகளும் சமம். இடவிசைகளும் வலவிசைகளும் சமம். இவ்வெளிய உண்மையே அவர் கணக்கின் அடித்தளம்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட முக்கோணச் சட்டகம் ஒன்றைக் கொள்வோம். அதன் சாய்சட்டம் ஒவ்வொன்றும் 5 மீட்டர் நீளம். உச்சியில் 6 டன் சுமை இருப்பின், இருபுறத் தாங்கிகளும் தலா 3 டன் விசையால் மேல்நோக்கித் தாங்கும். இனி ஒரு தாங்கியின்மேல் உள்ள மூட்டை மட்டும் காண்போம். சாய்சட்டத்தின் விசையில் ஐந்தில் மூன்று பங்கு கீழ்நோக்கி அழுத்துகிறது. அது 3 டன்னுக்குச் சமமாக வேண்டும். ஆகவே சாய்சட்டத்தின் அமுக்குவிசை 5 டன். அதில் ஐந்தில் நான்கு பங்காகிய 4 டன் வெளிப்புறம் தள்ளுகிறது. அதனை ஈடுசெய்யக் கீழ்ச்சட்டம் 4 டன் விசையால் இழுக்கிறது. ஒரு மூட்டில் கண்ட விடையைக் கொண்டு அடுத்த மூட்டுக்குச் செல்லலாம். இவ்வாறே பல உறுப்புகள் கொண்ட பாலத்தையும் படிப்படியாக அளந்துவிடலாம்.

1847: நூலும் விபத்தும்

இக்கணக்கு முறையை விப்பிள் 1847இல் யூட்டிகா நகரில் தம் சொந்த முயற்சியிலேயே நூலாக வெளியிட்டார். சட்டகப் பாலங்களின் விசைகளை முறையாகக் கணக்கிடும் வழியை முதன்முதலில் அச்சில் தந்த நூலாக இதனைப் போற்றுவர். ஏறத்தாழ அதே காலத்தில் ரஷ்யப் பொறியாளர் சுராவ்ஸ்கியும் தனித்து இவ்வழியைக் கண்டார்.

அதே 1847ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் டீ ஆற்றுப் பாலத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் முறிந்து தொடர்வண்டி ஆற்றில் விழுந்தது, ஐவர் உயிரிழந்தனர். அப்பாலத்தை அமைத்தவர் புகழ்பெற்ற பொறியாளர் இராபர்ட் ஸ்டீபன்சன். பேரறிஞரின் அனுபவமும் போதாது என்பதை உலகிற்கு அவ்விபத்து உணர்த்தியது. ஆயினும் சிறு நகரொன்றில் வெளியான விப்பிளின் நூல் உடனடியாகப் பரவவில்லை. அவர்தம் பாலத்தின் வடிவத்தைப் பலர் எடுத்தாண்டபோதும் உரிய காப்புரிமைத் தொகை அவருக்கு முழுமையாகக் கிட்டவில்லை.

ஓயாத உழைப்பு

விப்பிள் மனம் தளரவில்லை. 1850களின் தொடக்கத்தில் இருப்புப்பாதைக்காக 146 அடி நீளமுள்ள சட்டகப் பாலத்தைக் கட்டினார். தம் நூலை விரிவாக்கி 1872இல் மீண்டும் வெளியிட்டார். எழுபதை நெருங்கிய அகவையில், படகு வரும்போது செங்குத்தாக மேலே உயரும் பாலத்தை வடிவமைத்து ஈரிக் கால்வாயின் குறுக்கே அமைத்தார். 1888ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் ஆல்பனி நகரில் மறைந்தார். அவர்தம் வடிவமைப்பின்படி 1867இல் கட்டப்பட்ட வில்வடிவப் பாலமொன்று அந்நகரில் இன்றும் நிற்கிறது.

2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் இருப்புப்பாதைப் பாலத்தின் நடுவே, கப்பல்களுக்கு வழிவிட ஏறத்தாழ 72 மீட்டர் நீளமுள்ள எஃகுச் சட்டகம் செங்குத்தாக உயர்கிறது. இன்று கணினி நொடியில் கணக்கிட்டாலும், மூட்டுகளின் சமநிலை என்னும் அடிப்படை மாறவில்லை. பாலத்தின்மேல் செல்வோர் அதன் கணக்கை அறியார். அவர்களுக்காக அதனை அறிந்திருப்பது கட்டுவோரின் கடமை. விப்பிளின் வாழ்வு உணர்த்தும் அறம் இதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள கூரை, பாலம் அல்லது மின்கோபுரத்தின் சட்டகத்தை வரைந்து, இழுக்கப்படும் உறுப்புகளையும் அமுக்கப்படும் உறுப்புகளையும் குறித்து வகுப்பில் உரையாடுக.

2. பாடத்தில் உள்ள சட்டகத்தின் உச்சியில் 12 டன் சுமை இருப்பின், உறுப்புகளின் விசைகள் எவ்வாறு மாறும் எனக் கணக்கிடுக.