சிங்காரவேலர் மாளிகை

சென்னையிலே ராஜாஜி சாலை என்றொரு சாலை உண்டு. வடக்குக் கடற்கரைச் சாலை என்பது அதன் பழைய பெயர். புதுப் பெயர் தந்தவர் நம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். அந்தச் சாலையில்தான் நிற்கிறது சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அந்தக் கட்டடத்தின் பெயர் சிங்காரவேலர் மாளிகை. ஆச்சாரியார் பெயர் கொண்ட சாலையில் சமதர்மச் சிங்கத்தின் பெயர் கொண்ட மாளிகை! காலம் இப்படியும் விளையாடுகிறது.

மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறுவோர் எத்தனையோ பேர். யார் இந்தச் சிங்காரவேலர் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெண்கலத்தில் வார்த்தாலும் சரி, கல்லில் செதுக்கினாலும் சரி, பெயர் மட்டும் இருந்தால் அது வெறும் முகவரி. பெயருக்குக் கீழே நாலு வரி வேண்டாமா? அந்த நாலு வரியை, நாட்றாம்பாளையத்திலிருந்து அஞ்செட்டி வழியாக ஓசூர் ஆலைகளுக்கு வேலை தேடிப் போகும் தோழர்களுக்காக நாம் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

1860 பிப்ரவரி 18இல் சென்னையில் ஒரு மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வலை வீசுவோர் வீட்டுப் பிள்ளை கல்லூரிப் படி ஏறினார். சட்டம் பயின்று 1907இல் வழக்கறிஞரானார். சாதி பாராமல் அங்கம்மாளை மணந்தார். புத்தர் நெறியில் நாட்டம் கொண்டார். வீடு நிறையப் புத்தகம் சேர்த்தார். சேர்த்ததோடு நில்லாமல் படிக்கவும் செய்தார்!

1921இல் ஒத்துழையாமை இயக்கம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளையன் நீதிமன்றத்தில் இனி வாதாடுவதில்லை என்று வழக்கறிஞர் அங்கியைத் தீயிலிட்டார். வயது அப்போது 61. அறுபதாம் கல்யாணம் முடித்து ராமேசுவரத்துக்குப் பயணச்சீட்டு வாங்கும் வயது அல்லவா? அவரோ அந்த வயதில்தான் ஆலைத் தொழிலாளியின் பக்கம் வந்து நின்றார். மறு ஆண்டு கயா காங்கிரஸ் மாநாட்டு மேடையில், தாம் ஒரு பொதுவுடைமைக்காரர் என்று ஒளிவு மறைவின்றி அறிவித்தார்.

1923 மே முதல் நாளுக்கு வருவோம். ஆலைத் தொழிலாளி நாளொன்றுக்கு 11 மணி நேரம், வாரத்திற்கு 60 மணி நேரம் உழைக்கலாம் என்று 1922இல்தான் ஆங்கில அரசு சட்டம் திருத்தியிருந்தது. அதையே பெருங்கருணை என்று பேசிய காலம்! அந்த நாளில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் இன்னொரு கூட்டம் என்று இரண்டு கூட்டங்கள் நடத்தி, இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடினார் சிங்காரவேலர். தொழிலாளர் விவசாயிகள் கட்சியையும் அன்றே தொடங்கினார். மே தினத்தை விடுமுறை நாளாக்கு என்றும் கேட்டார். இன்று அவர் பெயர் தாங்கும் மாளிகை, அந்த இரண்டாவது கூட்டம் நடந்த இடத்துக்கு அதிக தூரத்தில் இல்லை.

சும்மா விடுமா ஏகாதிபத்தியம்? 1924இல் கான்பூர் சதி வழக்கில் அவர் பெயரையும் சேர்த்தது. உடல்நலக் குறைவால் விசாரணைக் கூண்டில் நிற்கவில்லை அவர். ஆனால் 1925 டிசம்பரில் அதே கான்பூரில் கூடிய பொதுவுடைமையாளர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான்!

1928இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி, பட்டறைகளைப் பொன்மலையில் ஒன்று சேர்க்கிறோம் என்ற பெயரில் ஆட்குறைப்புக்குக் கத்தி தீட்டியது. நாகப்பட்டினம், போத்தனூர்ப் பட்டறைத் தொழிலாளர் வயிறு எரிந்தது. ஜூலையில் வேலைநிறுத்தம் மூண்டது. முன்னின்ற சிங்காரவேலர் கைது செய்யப்பட்டார். தண்டனை 10 ஆண்டுகள்! 68 வயதுக் கிழவருக்கு 10 ஆண்டு என்றால் அதன் பொருள் என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1930இல் வெளியே வந்தார்.

வந்தவர் ஓய்ந்தாரா? தன்மான இயக்கத்தோடு கைகோத்தார். பெரியாரின் குடி அரசு ஏட்டில், விண்மீனும் கோளும் என்ன, உயிர் தோன்றியது எவ்வாறு, பேய் பிசாசு என்பது எவர் கட்டிய கதை என்று விஞ்ஞானத்தைப் பாமரனுக்குப் பந்தி வைத்தார். 1932 டிசம்பரில் ஈரோட்டில் பெரியாரோடு அமர்ந்து சமதர்மத் திட்டம் வகுத்தார். பின்னாளில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது, அதை மறைப்பதற்கில்லை. நம்மைக் கேட்டால், சாதியை விட்டுவிட்டுக் கூலியை மட்டும் பேச முடியாது, கூலியை விட்டுவிட்டுச் சாதியை மட்டும் பேச முடியாது என்பதை இருவரும் சேர்ந்திருந்த அந்தச் சில ஆண்டுகளில் நாடு கற்றது போல வேறெப்போதும் கற்கவில்லை.

1946 பிப்ரவரி 11இல் மறைந்தார். 1948இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 1969இல் தமிழ்நாட்டில் மே தினம் ஊதியத்தோடு கூடிய விடுமுறை ஆயிற்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2023 பிப்ரவரியில், நம் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில், வார வரம்பை 48 மணி நேரமாகவே வைத்துக்கொண்டு, ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்கச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. ஏப்ரல் 21இல் தமிழகச் சட்டமன்றத்திலும் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மசோதா திரும்பப் பெறப்படுகிறது என்று சென்னை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். அன்று 2023 மே முதல் நாள். சிங்காரவேலர் கடற்கரையில் கூட்டம் கூட்டி அன்றோடு நூறு ஆண்டுகள் நிறைந்திருந்தன.