காற்றை அளந்த கோபுரச் சிற்பி

பாரிஸ் மாநகரில் வானளாவ நிற்கும் இரும்புக் கோபுரத்தை அறியாதார் இலர். அதனை எழுப்பிய குஸ்தாவ் ஈபெல் என்பாரின் பெயரும் அதனோடு சேர்ந்தே உலகெங்கும் வழங்குகின்றது. ஆயின், வீதியில் விரையும் மோட்டார் வண்டியின் வடிவத்துக்கும் அப்பெரியாருக்கும் உள்ள தொடர்பை அறிந்தோர் சிலரே. அதனை ஈண்டு நாம் சுருங்கக் கூறுவாம்.

ஈபெல் 1832ஆம் ஆண்டு டிசெம்பர் 15ஆந் திகதி பிரான்சு நாட்டு டிஜோன் நகரிற் பிறந்தார். அவர் கற்ற துறை இரசாயனம். கைக்கொண்ட தொழிலோ இரும்புப் பாலம் அமைத்தல். போர்த்துக்கலில் தூரோ ஆற்றின் மேல் 1877இல் அவர் நிறுவனம் அமைத்த பாலம் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டியது. உயர்ந்த பாலங்களுக்குக் கொடும்பகை காற்றே. அப்பகையைக் கணித்துணர்ந்த அனுபவங் கொண்டே 1889இல் 300 மீற்றர் உயரக் கோபுரத்தை நிறுவினார்.

புகழின் உச்சியில் நின்றவரைப் பனாமாக் கால்வாய் வழக்குக் கீழே தள்ளியது. கால்வாய்க் கம்பனி முறிந்தமையால் எழுந்த அவ்வழக்கில், ஒப்பந்தகாரராயிருந்த ஈபெலுக்கும் 1893இல் இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நம்மவர் மணிவிழாக் கொண்டாடும் அறுபதாம் வயதில் அவருக்கு வாய்த்தது இதுவே. மேல்மன்று அவ்வாண்டிலேயே தீர்ப்பை நீக்கியது. எனினும் அவர் வாணிகத்துக்கு மீண்டாரல்லர்; தம் பழைய பகையாகிய காற்றையே ஆராயப் புகுந்தார்.

கோபுரத்தின் இரண்டாந் தளத்திலிருந்து, ஏறத்தாழ 115 மீற்றர் உயரத்தினின்று, பல்வேறு வடிவத் தகடுகளைக் கம்பி வழியே விழவிட்டுக் காற்றின் தடையை அளந்தார். பின்னர் 1909இல், தமது 76ஆம் வயதில், கோபுரத்தின் அடியிலேயே காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்தார். பொருளை அசையாது நிறுத்தி, விசிறியாற் காற்றை அதன்மேற் பாயச் செய்து, அது தாங்கும் விசையைத் தராசினால் அளப்பதே இதன் முறை. நின்ற காற்றிற் பொருள் செல்லினும், நின்ற பொருள்மேற் காற்றுச் செல்லினும் விளைவு ஒன்றே என்பதைத் தம் இருவகை அளவுகளையும் ஒப்பிட்டுக் காட்டினார். ஆய்வுகூடம் 1912இல் ஓத்தேய் பகுதிக்கு மாறிற்று. முடிவுகளை வெளியிட இசைவோரின் விமான மாதிரிகளை அவர் கட்டணமின்றியே பரிசோதித்துக் கொடுத்தார்.

அக்காலத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. உருண்டை ஒன்றின் தடைக்கு ஈபெல் கண்ட அளவினும், செர்மனியின் கொட்டிங்கன் ஆய்வுகூடத்தார் கண்ட அளவு இருமடங்குக்கு மேற்பட்டது. யார் பிழைத்தார்? ஏறக்குறைய எண்பது வயதினராகிய ஈபெல், பிறரைப் பழியாது, பல அளவு உருண்டைகளைப் பல வேகங்களில் மீண்டும் சோதித்தார். குறித்த ஒரு வேகத்தைக் கடந்ததும் தடை திடீரெனக் குறைதலைக் கண்டார். இருசாராரும் பிழைத்திலர், அளந்த வேகங்களே வேறு. இதன் காரணத்தைக் கொட்டிங்கன் அறிஞர் பிராண்டில் 1914இல் விளக்கினார்.

மோட்டார் வண்டிக்கு இதனால் வந்த பயன் யாது? வண்டியின் வேகம் இருமடங்கானாற் காற்றுத் தடை ஏறத்தாழ நான்மடங்காகும். எரிபொருளும் அதற்கேற்பச் செலவாகும். ஆதலின் வண்டி வடிவங்களைச் சுரங்கத்திற் சோதித்தே தெரிந்தெடுக்கின்றனர். சிறு மாதிரியிற் கண்ட அளவு பெரிய வண்டிக்கு அப்படியே பொருந்துமெனக் கொள்ளலாகாது என்ற எச்சரிக்கையை அவ்வுருண்டையே தந்தது. பிற்காலத்தில் ஓத்தேய்ச் சுரங்கத்திலும் வண்டி மாதிரிகள் சோதிக்கப்பட்டன.

ஈபெல் தம் ஆய்வுகூடத்தை அரசாங்கத்திடம் கையளித்துவிட்டு, 1923ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆந் திகதி, 91ஆம் வயதிற் காலமானார். கோபுரம் அவர் தம் திறமையைக் காட்டும். பழி சூழ்ந்த பின்னும் கற்றலை விடாத அவர் தம் பெருமையைக் காட்டுவது அச்சுரங்கமே என்போம்.