உமிழ்நீருக்குள் ஒரு மணிக்கூடு: இவான் பாவ்லோவின் கதை

மெல்பேர்ண் நகரின் தென்கிழக்கே, சிவா விஷ்ணு கோயில் இருக்கும் கேரம் டவுன்ஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேத்திக்கு இரண்டரை வயது. மகள் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியதும் பிள்ளையைச் சைல்ட் கெயாரில் சேர்த்தார்கள். ஒருநாள் இரவு மகள் கைபேசியில் எதையோ வாசித்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். பகல்நேரக் காப்பகங்களில் விடப்படும் சிறு பிள்ளைகள் பலரின் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்னும் ஓமோன், மாலையாகும்போது குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறதாம். தன் பிள்ளைக்குத் தானே கெடுதல் செய்கிறேனோ என்று என்னைக் கேட்டாள். உடனே சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் விலங்கியல் படிப்பித்தவன் நான். உமிழ்நீர் என்றால் எனக்கு நினைவில் வரும் பெயர் ஒன்றுதான்: பாவ்லோவ். நாய், மணி, எச்சில் என்று அரைப் பாடவேளையில் அவரை முடித்துவிடுவேன். அந்த மனிதர் யார் என்று ஒரு தடவையேனும் தேடிப் பார்க்கவில்லை. ஒரு துளி எச்சிலை வைத்து உயிரின் உள்ளே நடப்பதை அறியலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர்தானே என்று, இந்த வயதில் அவருடைய வாழ்க்கையை வாசிக்கத் தொடங்கினேன்.

இவான் பெத்ரோவிச் பாவ்லோவ் 1849 செப்டம்பரில் ரஷ்யாவின் ரியாசான் நகரில் ஒரு பாதிரியாரின் மூத்த மகனாகப் பிறந்தார். அவருடன் பிறந்தவர்களில் பலர் சிறு வயதிலேயே இறந்தார்கள். அவரும் சிறுவனாக இருக்கையில் உயரத்திலிருந்து விழுந்து அடிபட்டதால், பதினொரு வயதில்தான் பள்ளிக்கூடம் போனார். தகப்பன் வழியில் பாதிரியாராவதற்கான கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவரை அறிவியல் நூல்கள் இழுத்துவிட்டன. 1870இல் அந்தப் படிப்பை விட்டுப் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் சேர்ந்தார்.

அதன்பின் வந்த இருபது வருடமும் வறுமைதான். 1881இல் செராபிமா என்ற பெண்ணைக் கலியாணம் செய்தார். வாடகைக்குக் காசில்லாமல் இருவரும் சில காலம் பிரிந்திருக்க வேண்டி வந்தது. அவர்களுடைய முதல் மகன் குழந்தையாகவே இறந்துபோனான். நிலைமையைப் பார்த்து இரங்கிய மாணவர்கள் விரிவுரைக்கான கூலி என்று சொல்லிக் காசு சேர்த்துக் கொடுத்தார்களாம். அவர் அதையும் ஆய்வுக்கான நாய்களுக்கே செலவழித்துவிட்டாராம். இதை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டில் மனைவி என்ன பாடுபட்டிருப்பாள்!

1890இல், நாற்பத்தோராவது வயதில், இராணுவ மருத்துவக் கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. மறு வருடம் பரிசோதனை மருத்துவ நிறுவனத்தின் உடலியல் பிரிவுக்கும் தலைவரானார். அங்கே அவர் அமைத்தது ஒரு தொழிற்சாலைக்கு ஒப்பான ஆய்வுகூடம். சத்திரசிகிச்சை செய்த நாய்கள் மாதக் கணக்கில் உயிரோடு இருந்து, சமிபாட்டுச் சாறுகளைத் துளித் துளியாகக் கொடுத்தன. நாயின் இரைப்பைச் சாற்றைச் சமிபாட்டுக் கோளாறுக்கு மருந்தாக விற்று ஆய்வுகூடத்துக்கு வருமானமும் தேடினார். சமிபாடு பற்றிய இந்த வேலைக்குத்தான் 1904இல் நோபல் பரிசு கிடைத்தது. நிபந்தனைத் தெறிவினைக்கு அல்ல. நானே இதை வகுப்பில் பிழையாகச் சொல்லியிருக்கிறேன்.

உமிழ்நீரின் கதை அந்த வேலையின் ஓரத்தில் தொடங்கியது. நாயின் உமிழ்நீர்க் கானைக் கன்னத்தின் வெளிப்புறம் திறக்கும்படி செய்து துளிகளை எண்ணினார்கள். வாயில் என்ன போடப்பட்டது என்பதைப் பொறுத்து எச்சிலின் அளவும் தன்மையும் மாறின. அதைவிட விசித்திரம், உணவைத் தூரத்தில் கண்டாலும், உணவு கொண்டுவருபவரின் காலடி கேட்டாலும் எச்சில் ஊறியது. உதவியாளர் ஒருவர் இதை நாயின் எண்ணங்களாலும் ஆசைகளாலும் விளக்கப் பார்த்தார். பாவ்லோவ் அதை ஏற்கவில்லை. நாய் என்ன நினைக்கிறது என்பது நமக்குத் தெரியாது, துளிகளை எண்ணலாம் என்பதே அவருடைய நிலைப்பாடு. 1903இல் மட்ரிட் மாநாட்டில் இந்தப் புதிய பாதையை அறிவித்தார். பிரபலமான அந்த மணியை விட மெட்ரோனோம், பசர், வெளிச்சம், தோலில் தொடுகை ஆகியவையே அவருக்கு அதிகம் பயன்பட்டன.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு பரிசோதனை. அவருடைய மாணவி பெயொக்ரித்தோவா நாய்க்கு முப்பது நிமிடத்துக்கு ஒரு தடவை உணவு கொடுத்துவந்தார். மணியும் இல்லை, வெளிச்சமும் இல்லை. சில காலம் போனதும், உணவு வராதபோதும், முப்பதாவது நிமிடத்தை ஒட்டி எச்சில் ஊறியது. காலமே ஒரு சமிக்ஞையாகிவிட்டது. பாவ்லோவும் மணிக்கூடு போல வாழ்ந்தவர். ஆய்வுகூடத்துக்குக் குறித்த நேரத்தில் வருவார், தாமதிப்பவர்கள் மீது எரிந்து விழுவார். கோடை வந்தால் வேலையை மறந்து தோட்டம் கொத்துவார்.

அவருடைய மாணவர் கிரஸ்னகோர்ஸ்கி 1907இல் இதே முறையைக் குழந்தைகளிடம் கொண்டுபோனார். பின்னர் குழந்தைகளின் கன்னத்தில் கருவி பொருத்தி உமிழ்நீர் சேர்த்தார்கள். 1926இல் புடோவ்கின் எடுத்த படமொன்றில் அந்தக் காட்சிகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளின் பயத்தை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை.

புரட்சிக்குப் பிந்திய பஞ்சத்தில் ஆய்வுகூட நாய்கள் பட்டினியால் செத்தன. உள்நாட்டுப் போர்க் காலத்தில் பாவ்லோவ் ஒரு மகனை இழந்தார். நாட்டை விட்டுப் போக யோசித்தவரைத் தக்கவைக்க, 1921 ஜனவரியில் லெனின் அவருடைய ஆய்வுக்கு வசதி செய்யும்படி தனி ஆணை போட்டார். அதற்காக அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. 1924இல் பாதிரிமாரின் பிள்ளைகளைக் கல்வியிலிருந்து வெளியேற்றியபோது, தானும் ஒரு பாதிரியின் மகன்தான் என்று பேராசிரியர் பதவியைத் துறந்தார். கைதுகளையும் பயங்கரத்தையும் கண்டித்து ஆட்சியாளருக்கே கடிதம் எழுதினார்.

அதே 1924 செப்டம்பரில் லெனின்கிராட்டில் வெள்ளம் வந்தது. கூட்டுக்குள் கழுத்தளவு நீரில் தவித்த நாய்களை உதவியாளர்கள் நீந்த வைத்துக் காப்பாற்றினார்கள். தப்பிய நாய்கள் சில, கற்றதையெல்லாம் மறந்திருந்தன. கதவுக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் ஒழுகவிட்டாலே ஒரு நாய் மறுபடி நிலைகுலைந்தது. அதைப் பார்த்துத்தான் பாவ்லோவ், பயம் நரம்புகளை என்ன செய்கிறது என்று ஆழமாக ஆராயத் தொடங்கினார். 1936 பெப்ரவரி 27ஆம் திகதி, 86ஆவது வயதில் நிமோனியாவால் காலமானார்.

கோர்ட்டிசோல் அவர் அறியாத சொல். அதிரீனல் சுரப்பியில் சுரந்து இரத்தத்தில் ஓடும் இந்த ஓமோனின் கட்டற்ற பகுதி உமிழ்நீரிலும் வந்துசேர்கிறது. இப்போது நாய்க்குக் கத்தியும் வேண்டாம், பிள்ளைக்கு ஊசியும் வேண்டாம். பஞ்சுத்துண்டு ஒன்றைச் சப்பக் கொடுத்தால் போதும். விழித்து அரைமணி நேரமளவில் உச்சத்துக்கு ஏறி, பிறகு குறைந்துகொண்டே போய், நடு இரவை ஒட்டி ஆகக் கீழே இறங்குவது அதன் நாளாந்த ஒழுங்கு. அமிலேசு என்ற நொதியம் நேர் எதிராக, விழித்ததும் குறைந்து பகலில் ஏறும். பிறந்த குழந்தைக்கு இந்த ஒழுங்கு இல்லை. மாதங்கள் போகப் போக உருவாகி, பகல் தூக்கம் விடுபடும் வயதில்தான் பெரியவர்களுடையதைப் போல நிலைக்கிறது. ஆகவே இரண்டரை வயதுப் பிள்ளையின் மணிக்கூடு இன்னும் பூட்டிக்கொண்டிருக்கும் மணிக்கூடு.

மகள் வாசித்தது பொய்யல்ல. மின்னசோட்டாவில் மேகன் கன்னரும் அவருடன் வேலை செய்தவர்களும் காப்பகப் பிள்ளைகளிடம் அந்த மாலை உயர்வைக் கண்டார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் மார்கரெட் சிம்ஸ் குழுவினர் 2006இல் காட்டியதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தரம் உயர்ந்த காப்பகங்களில் கோர்ட்டிசோல் பகலில் குறைந்தது. தரம் குறைந்தவற்றில் கூடியது. அப்படியானால் கேட்கவேண்டிய கேள்வி, தாய் வேலைக்குப் போனாளா என்பதல்ல, பிள்ளையை அங்கே யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது. ஒரு சிறு உயர்வு நோயும் அல்ல. துளிகளை எண்ணலாம், அதிலிருந்து பிள்ளையின் மனதை முழுவதும் சொல்ல முடியாது என்பதைப் பாவ்லோவ்தான் கறாராகப் பிரித்து வைத்தார்.

இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். அடுத்த நாள் அவள் காப்பகத்தில் போய், தன் பிள்ளையை நாள் முழுக்க ஒரே ஆள் பார்த்துக்கொள்கிறாரா, மதியம் எங்கே தூங்க வைக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டு வந்தாள். மாலை ஆறு மணிவரை பிள்ளையை விடாமல், மூன்றரைக்கே போய்க் கூட்டிவரும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரம் என்னைக் கண்டதும் அழுதாள். இப்போது மூன்றேகாலுக்கே சப்பாத்தை எடுத்துவந்து கதவருகில் வைத்துவிடுகிறாள் என்று அங்கே பார்த்துக்கொள்ளும் பெண் சொல்கிறாள். பிள்ளைக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது. ஆனாலும் அம்மப்பா வரும் நேரம் தெரியும். அதனால் மழையோ வெயிலோ, மூன்றரைக்கு நான் அந்தக் கதவடியில் நிற்கிறேன். இன்றுவரை ஒரு நாளும் பிந்தவில்லை.