நார்னியா கண்ட பேராசிரியர்

சிறுவர் கதை என்றவுடனே முகஞ்சுளிப்பார் சிலர் நம்மிடையே உளர். பிள்ளைகளை உறங்கவைப்பதற்கன்றி அவற்றால் வேறு பயனில்லை என்பது அன்னார் கொள்கை. ஆயினும், காலங்கடந்து நிலைபெற்ற சிறுவர் கதைகள் சிலவற்றின் அடிவேரைத் தோண்டிப் பார்ப்போமாயின், அங்கே பெரியவர் ஒருவரின் ஆறாத துயரம் புதைந்து கிடத்தலைக் காண்போம். ஸி. எஸ். லூயிஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் இயற்றிய 'சிங்கமும் சூனியக்காரியும் அலமாரியும்' என்ற நூல் அத்தகையதொன்று.

அந்நூல் 2005-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் திரைப்படமாய் வெளிவந்து, தேசங்கள்தோறும் சிறியோரும் பெரியோரும் கண்டு களிக்க ஓடியது. கண்டு களித்தவருள் இரண்டு செய்திகளை அறியாதார் பலர். ஒன்று, அந்நூலாசிரியர் தம் கதையை மனிதர் நடித்துக் காட்டுவதை விரும்பாதவர் என்பது. மற்றொன்று, அக்கதையிலே வரும் அலமாரி எந்த மரத்தினால் ஆயது என்பது. இவ்விரண்டையும் உணரவேண்டுமாயின் அவருடைய வாழ்க்கையை உணர்தல் வேண்டும்.

லூயிஸ் 1898-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 29-ஆம் தேதி அயர்லாந்து தேசத்துப் பெல்பாஸ்ட் நகரிலே பிறந்தார். தந்தையார் ஆல்பர்ட் வழக்கறிஞர். தாயார் புளோரா, பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்த அக்காலத்திலேயே கணிதமும் தர்க்கமும் கற்றுத் தேர்ந்தவர். லூயிஸுக்கு வாரன் என்னும் தமையன் ஒருவர் இருந்தார். 1905-ஆம் வருஷத்தில் குடும்பத்தார் நகர்ப்புறத்தே ஒரு பெரிய வீட்டிற்குக் குடிபுகுந்தனர். நீண்ட நடைகளும், ஆளில்லாத மாடியறைகளும், எங்கு நோக்கினும் புத்தகங்களுமாய் இருந்தது அவ்வீடு. வெளியே மழை பெய்துகொண்டிருக்கும் நாட்களில் சகோதரர் இருவரும் மாடியிலே அமர்ந்து, பேசும் விலங்குகள் வாழும் நாடொன்றைக் கற்பித்து, அதற்குப் படமும் சரித்திரமும் எழுதி மகிழ்ந்தனர்.

இம்மகிழ்ச்சி நெடுநாள் நிற்கவில்லை. 1908-ஆம் வருஷத்தின் தொடக்கத்தில் தாயாருக்குப் புற்றுநோய் கண்டிருப்பதாக மருத்துவர் கூறினர். வீட்டிலேயே ரணசிகிச்சை நடந்தது. தலைவலியும் பல்வலியுமாய் அழுதுகிடந்த சிறுவன், அன்னை ஏன் தன்னிடம் வரவில்லை என்று ஏங்கிக்கொண்டிருந்த இரவொன்றில், அடுத்த அறையிலே மருத்துவர் போவதும் வருவதுமாய் இருந்தனர். அன்னை பிழைக்கவேண்டுமென்று அவன் இடைவிடாது பிரார்த்தித்தான். ஆகஸ்டு மாதம் 23-ஆம் தேதி, தந்தையாரின் பிறந்தநாளன்றே, அவ்வம்மையார் உயிர் நீத்தார். லூயிஸுக்கு அப்போது வயது 9. அன்று தொட்டுத் தம் வாழ்விலே நிலையான இன்பமெல்லாம் மறைந்து, பெருநிலம் கடலுள் ஆழ்ந்தபின் எஞ்சிய சிறு தீவுகளே தமக்கு வாய்த்தன என்ற கருத்தைப் பிற்காலத்தில் அவர் எழுதினார்.

அடுத்த மாதமே அவர் இங்கிலாந்திலுள்ள பள்ளியொன்றுக்கு அனுப்பப்பட்டார். ஆங்கே பிரம்படி மிகுதி, படிப்பு சொற்பம். பின்னர்ப் பள்ளிகள் சில மாறிய காலத்தில், சிறுவயதின் தெய்வ நம்பிக்கை அவரை விட்டு முற்றும் நீங்கிற்று. 1914-ஆம் வருஷத்தில் சர்ரே ஜில்லாவில் கிர்க்பாட்ரிக் என்னும் முதியவரிடம் தனிப்பாடம் கேட்கத் தொடங்கினார். அவ்வாசிரியர் கடவுளை நம்பாதவர். காரணங் கூறாது எதையும் சொல்லவொட்டாதவர். கிரேக்கமும் லத்தீனும், அவற்றினும் மேலாய்த் தெளிவுறச் சிந்திக்கும் பழக்கமும் அவரிடத்தே லூயிஸ் பெற்ற செல்வங்கள்.

அக்காலத்தே இரண்டு நிகழ்ச்சிகள் உண்டாயின. 1916-ஆம் வருஷம் ரயில் நிலையப் புத்தகக் கடையொன்றிலே ஜார்ஜ் மக்டொனால்டு எழுதிய மாயக் கதையொன்றைத் தற்செயலாய் வாங்கிப் படித்தார். தம் கற்பனை புனிதம் பெற்றது அந்நூலினால் என்று அவர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். மற்றது, அவருடைய பதினாறாம் வயதில் மனத்துள் எழுந்த ஒரு சித்திரம். பனி மூடிய காட்டிலே, ஆட்டுக் காலும் மனித உடலும் கொண்ட வனவாசி ஒருவன், ஒரு கையில் குடை பிடித்து, மறுகையில் பொட்டணங்கள் சுமந்து நடந்து செல்கின்றான். அவன் எங்கே செல்கின்றான்? லூயிஸ் அறியார். விடை கிடைக்கும்வரை அச்சித்திரம் முப்பதாண்டுக்கு மேல் அவருள்ளத்திலேயே காத்துக் கிடந்தது.

1917-ஆம் வருஷத்தில் அவர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிற் சேர்ந்தார். உடனே யுத்தம் அழைத்தது. பிரான்சு தேசத்துப் போர்முனையை அவர் அடைந்த நாள் அவருடைய 19-ஆம் பிறந்தநாள். 1918-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அருகே வெடித்த குண்டொன்று அவரைக் காயப்படுத்திற்று. பக்கத்திலிருந்த சார்ஜன்டு மாண்டார். பயிற்சிக் காலத்தில் அவருடன் ஓரறையிலிருந்த மூர் என்னும் இளைஞரும் அவ்வருஷமே களத்தில் மடிந்தார். இருவருள் ஒருவர் இறப்பின் மற்றவர் அவருடைய பெற்றோரைப் பேணுவதென்று அவ்விருவரும் வாக்களித்திருந்தனர். யுத்தம் முடிந்து மீண்ட லூயிஸ், நண்பரின் தாயாரைத் தம் குடும்பத்தவராக ஏற்று, 1951-ஆம் வருஷத்தில் அவ்வம்மையார் காலஞ்செல்லும்வரை சுமார் முப்பதாண்டு ஆதரித்தார். அம்மையார் அதிகாரமும் சிடுசிடுப்பும் மிக்கவர் என்று நண்பர் முணுமுணுத்தனர். கொடுத்த வாக்கை லூயிஸ் கைவிடவில்லை. தாயை இழந்தவர் பிறிதொரு தாய்க்கு மகனானார் என்பதன்றி இதற்கு வேறென்ன விளக்கம் வேண்டும்?

ஆக்ஸ்போர்டில் மூன்று தேர்வுகளில் முதல் வகுப்புப் பெற்று, 1925-ஆம் வருஷத்தில் மாட்லின் கலாசாலையில் ஆங்கில இலக்கிய ஆசிரியரானார். அங்கே டால்கின் முதலிய அறிஞர் அவருக்கு நண்பராயினர். தெய்வமொன்று உண்டென்று அவர் அறிவு மெல்ல மெல்ல ஒப்பிற்று. 1931-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்து இரவொன்றில், கலாசாலையைச் சார்ந்த நடைபாதையிலே, டால்கினும் டைசன் என்பாரும் அவருடன் புராணங்களைப்பற்றி நெடுநேரம் உரையாடினர். இறந்து உயிர்த்தெழும் தெய்வங்களின் கதைகளைப் பிற புராணங்களிற் கண்டு உருகும் நீர், சுவிசேஷத்தில் மட்டும் அக்கதைக்கு நெஞ்சை மூடுவதேன் என்பது அவர்கள் வினவிய வினாவின் சாரம். சில நாட்களுக்குப்பின், தமையனாரின் மோட்டார் சைக்கிளின் பக்கவண்டியில் அமர்ந்து மிருகக்காட்சிசாலை காணப் புறப்பட்டவர், போய்ச் சேர்கையில் தாம் கிறிஸ்துவை நம்புவதை உணர்ந்தார்.

1939-ஆம் வருஷத்தில் இரண்டாம் உலகயுத்தம் மூண்டது. விமானக் குண்டுகளுக்கு அஞ்சி லண்டன் நகரத்துப் பிள்ளைகளைத் தாய் தந்தையரினின்று பிரித்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பினர். அவருள் சில சிறுமியர் லூயிஸின் இல்லத்திலே தங்கினர். அதுவரை பிள்ளைகளுடன் பழகியறியாத அவர், வீட்டை நினைந்து ஏங்கும் அம்முகங்களைக் கண்டார். பிறந்த வீட்டினின்று பெயர்த்தெடுத்து அயலூருக்கு அனுப்பப்பட்ட பிள்ளையின் மனம் இன்னதென்பது அவர் அறியாததா? லண்டனினின்று முதிய பேராசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்துசேர்ந்த நான்கு பிள்ளைகளைப்பற்றிச் சில வரிகள் எழுதினார்; எழுதி நிறுத்திவிட்டார். பத்தாண்டுகள் கழிந்தபின் சிங்கங்களைப்பற்றிய கனவுகள் பல அவருக்கு வந்தன. அதன்பின் அஸ்லான் என்னும் சிங்கம் கதைக்குள்ளே பாய்ந்து வந்து மற்றெல்லாவற்றையும் தன்னோடு இழுத்துச் சென்றது என்பது அவர் தந்த விளக்கம். அஸ்லான் என்பது சிங்கத்தைக் குறிக்கும் துருக்கிச் சொல்லாகும்.

நூல் 1950-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் வெளிவந்தது. லூசி என்னும் சிறுமி உடுப்பு அலமாரியொன்றினுள் புகுந்து, தொங்கும் அங்கிகளை விலக்கிக்கொண்டு உள்ளே செல்ல, பனி மூடிய நார்னியா நாட்டை அடைகின்றாள். குடைபிடித்த வனவாசியை அங்கே சந்திக்கின்றாள். பதினாறு வயதில் தோன்றிய சித்திரத்திற்கு விடை கிடைத்தது! அந்நாட்டைப் பண்டிகையே வாராத நீண்ட பனிக்காலத்தில் வைத்து ஆள்கின்றாள் வெண்ணிறச் சூனியக்காரி. லூசியின் தமையன் எட்மண்டு, துருக்கி மிட்டாய்க்கு ஆசைப்பட்டு, உடன்பிறந்தாரைக் காட்டிக்கொடுக்கின்றான். துரோகிக்கு விதித்த மரணத்தை அஸ்லான் தானே ஏற்றுக் கல்மேடையிலே உயிர்விட்டு மீண்டும் எழுகின்றது. நண்பர் டால்கினுக்கு இந்நூல் பிடிக்கவில்லை. பல புராணங்களின் பாத்திரங்களை ஒரே கதையிற் கலந்தது அவருக்கு ஒவ்வவில்லை. ஆயினும் சிறுவர் விரும்பிப் படித்தனர். 1956-ஆம் வருஷத்துள் ஏழு நூல்கள் நிறைவுற்றன.

அவற்றுள் ஆறாவதாக 1955-ஆம் வருஷம் வெளிவந்தது 'மந்திரவாதியின் மருமகன்' என்னும் நூல். அதிலே டிகோரி என்னும் சிறுவனின் தாய் மரணப்படுக்கையிற் கிடக்கின்றாள். அச்சிறுவன் அஸ்லானிடம் மருந்து வேண்டித் தலைநிமிர்ந்து நோக்க, சிங்கத்தின் கண்களிலே தன் கண்ணீரினும் பெரிய கண்ணீர்த்துளிகளைக் காண்கின்றான். அஸ்லான் தந்த கனியை உண்டு தாய் பிழைக்கின்றாள். கனியின் நடுப்பகுதியை டிகோரி தோட்டத்திலே புதைக்க, அது மரமாய் வளர்ந்து, பின்னாளில் புயலில் வீழ்கின்றது. அதை எறிய மனமின்றி அவன் அலமாரியாகச் செய்வித்துக்கொள்கின்றான். முதல் நூலிலே நான்கு பிள்ளைகளை ஏற்ற முதிய பேராசிரியர் அந்த டிகோரியே. லூசி நுழைந்த அலமாரி அதுவே. தாயைப் பிழைப்பித்த கனியின் மரமே பிறர் பிள்ளைகளுக்கு வாயிலாயிற்று. 1908-ஆம் வருஷத்தில் கிடைக்காத விடையை 47 ஆண்டுகளுக்குப்பின் அச்சிறுவன் தன் கையாலேயே எழுதினான் எனலாம்.

துயரம் அத்துடன் அவரை விட்டொழியவில்லை. 1954-ஆம் வருஷத்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்குப் பேராசிரியர் பதவி அளித்தது. அமெரிக்க எழுத்தாளரான ஜாய் டேவிட்மன் அம்மையாரை 1956-ஆம் வருஷத்தில் சட்டப்படி மணந்தார். அம்மையாருக்கு முன் மணத்தில் டேவிட், டக்ளஸ் என இரு புதல்வர். விரைவில் அம்மையாருக்கும் புற்றுநோய் கண்டது. 1957-ஆம் வருஷத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையருகே குருவானவர் திருமணச் சடங்கை நடத்திவைத்தார். நோய் சிலகாலம் தணிந்து, மீண்டும் எழுந்து, 1960-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அவரைக் கொண்டுசென்றது. புற்றுநோயால் தாயிழந்த இரு சகோதரரை லூயிஸ் இரண்டாம் முறை கண்டார். இம்முறை அவர் நின்றது தந்தையின் இடத்தில். துக்கத்தில் எழுந்த ஐயங்களை ஒளிக்காது எழுதிப் புனைபெயரில் வெளியிட்டார். 1963-ஆம் வருஷம் நவம்பர் 22-ஆம் தேதி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டு மாண்ட அதே நாளில், தம் இல்லத்திலே உயிர் நீத்தார்.

இனித் திரைப்படத்திற்கு வருவோம். 1959-ஆம் வருஷத்தில் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலே, நார்னியாக் கதையை வானொலியிற் கேட்பிப்பதை ஒப்பிய லூயிஸ், மனிதர் விலங்கு வேடம் பூண்டு கண்ணெதிரே நடிப்பதை அடியோடு மறுத்தார். வேடமிட்ட சிங்கம் சிரிப்பை விளைக்கும். அஸ்லானைக் கண்டு சிரிப்பது அவருக்குத் தெய்வ நிந்தனையாகவே பட்டது. சித்திரப் படமாயின் வேறு விஷயம் என்றும் குறித்தார்; ஆனால் டிஸ்னி நிறுவனத்தின் ரசனையில் அவருக்குத் திருப்தியில்லை. விதியின் வேடிக்கை, 2005-ஆம் வருஷத்துப் படத்தை வால்டன் மீடியாவுடன் சேர்ந்து வெளியிட்டது அந்நிறுவனமே. ஆண்ட்ரூ ஆடம்சன் இயக்கிய அப்படம் பெரும்பாலும் நியூஸிலாந்தில் எடுக்கப்பெற்றது. உரோமமும் தசையும் அசையும் சிங்கத்தைக் கணினியாற் படைத்தனர். ஆகவே, வேடமிட்ட சிங்கம் என்ற குறை நீங்கிற்று. ஒப்பனைக்காக ஆஸ்கார் பரிசும், உலகெங்கும் 70 கோடி டாலருக்கு மேற்பட்ட வசூலும் அப்படத்திற்குக் கிடைத்தன.

படம் நூலுக்கு நியாயம் செய்ததா? ஓரிடத்தில் நூலினும் விரித்துக் காட்டியது. பிள்ளைகள் குண்டுவீச்சினால் ஊரைவிட்டு அனுப்பப்பட்டதை லூயிஸ் ஒரே வாக்கியத்திற் சொல்லிக் கடந்தார். படமோ லண்டன்மேல் குண்டு விழும் இரவிலே தொடங்கி, எட்மண்டு தந்தையின் படத்தை எடுக்க வீட்டுக்குள் ஓடுவதையும், ரயிலடியில் தாய் பிள்ளைகளைப் பிரிவதையும் காட்டுகின்றது. கதையின் வேரைக் கண்டவர் செய்த மாற்றம் இது. மற்றோரிடத்தில் குறைந்தது. அஸ்லான் என்னும் பெயரை முதன்முதற் கேட்டபோது நான்கு பிள்ளைகளும் நான்குவித உணர்ச்சி கொண்டனர் என்று நூல் கூறும். படிப்பவரும் அவ்வாறே தத்தம் சிங்கத்தைக் காண்பர். திரையோ எல்லார்க்கும் ஒரே சிங்கத்தைக் காட்டிவிடுகின்றது. போர்க்களமும், உருகும் ஆற்றிலே ஓடித் தப்புதலும் பெருகியதால், கல்மேடையின் மௌனம் சிறிது சுருங்கிற்று.

இப்படத்தின் இணைத் தயாரிப்பாளராய் நின்று நூலின் கருத்தைக் காக்க முயன்றவர் யார்? 14-ஆம் வயதில் அன்னையை இழந்த அந்த டக்ளஸே.

ஆகலின், மாணவ நண்பர்களே, படத்தைக் காண்க. கண்டபின் நூலைக் கட்டாயம் கற்க. வேண்டியது கிடைக்காதபோது மனிதர் சிலர் உள்ளத்தைத் தாழிட்டு அமர்கின்றனர். லூயிஸும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தார். பின்னர்த் தம் துயரின் மரத்தையே அறுத்துக் கதவாக்கி, பிறர் பிள்ளைகள் நுழையத் திறந்துவைத்தார். அக்கதவு இன்னும் அடைபடவில்லை.