சேலையுடன் வானில்

1936ஆம் ஆண்டு லாகூர் விமானப் பயிற்சிக் கழகத்தின் திடலில் ஜிப்சி மாத் என்னும் சிறுவிமானம் ஒன்று ஆயத்தமாக நின்றது. சேலை உடுத்திய இருபத்தொரு வயதுப் பெண் ஒருவர் அதன் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். பயிற்றுநர்க்குரிய முன்னிருக்கை அன்று வெறுமையாக இருந்தது. விமானத்தைத் தனியே செலுத்திய இந்தியப் பெண்களுள் முன்னோடியான சரளா அவர். அப்போது அவருக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருந்தாள்.

1914இல் தில்லியில் பிறந்த சரளா, பதினாறு வயதில் பி.டி. சர்மாவை மணந்தார். புகுந்த வீட்டில் விமானிகள் ஒன்பது பேர். கணவர் கராச்சிக்கும் லாகூருக்கும் இடையே அஞ்சல் விமானம் ஓட்டியவர். அவர் ஊக்கமளித்தார்; அவரினும் மிகுந்த ஆர்வத்துடன் மருமகளைப் பயிற்சியில் சேர்த்தவர் மாமனார். சிறுமியர் பள்ளி செல்வதே அரிதாயிருந்த காலம் அது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். கழகத்தில் பயிற்றுநரோ உடன் பயின்றோரோ மறுப்புரைக்கவில்லை. முகம் சுளித்தவர் எழுத்தர் ஒருவரே.

ஜிப்சி மாத், மரச்சட்டத்தின்மீது துணி போர்த்திய ஈரடுக்குச் சிறகு விமானம். இருக்கைகளுக்கு மேற்கூரை இல்லை. வானொலித் தொடர்பும் இல்லை. பயிற்றுநர் குழாய் வழியே பேசுவார். தனியே பறக்கும்போது அக்குரலும் இராது. காற்றின் திசையையும் இயந்திரத்தின் ஒலியையும் தரையிலுள்ள அடையாளங்களையும் கொண்டே விமானி முடிவெடுத்தாக வேண்டும். தரையிறங்குதல் இன்னும் கடினம். விமானத்தின் முன்பகுதி உயர்ந்து பார்வையை மறைப்பதால், பக்கவாட்டில் தலையை நீட்டியே தரையைக் காண இயலும். காற்று அறையும் அவ்விருக்கைக்குச் சேலை ஏற்ற உடையென எவரும் கூறமாட்டார். ஆயினும் சரளா சேலையுடனேயே பறந்தார்.

விருப்பத்திற்காகக் கற்ற கலையைத் தொழிலாக்கிக்கொள்ள அவர் விழைந்தார். வணிக விமானி உரிமத்திற்கு முயன்றுகொண்டிருந்த 1939இல் கணவர் விமான விபத்தில் உயிரிழந்தார். சரளாவுக்கு அப்போது வயது இருபத்துநான்கு. அதே ஆண்டில் இரண்டாம் உலகப்போர் மூண்டதால் பொதுமக்களுக்கான விமானப் பயிற்சியும் நின்றுபோனது. பெண்மக்களை வளர்க்க வேண்டிய பொறுப்பு அவர் தோளில் விழுந்தது.

அவர் லாகூர் மேயோ கலைப்பள்ளியில் சேர்ந்து வங்காளப் பாணி ஓவியம் பயின்றார். நாட்டுப் பிரிவினையின்போது இரு மகள்களுடன் தில்லிக்குப் பெயர்ந்தார். 1948இல் ஆர்.பி. தக்ராலை மறுமணம் புரிந்தார். ஓவியம், துணி அச்சு, அணிகலன் வடிவமைப்பு ஆகியவற்றால் தமக்கென ஒரு தொழிலை அமைத்துக்கொண்டு, 2008இல் தம் 93ஆம் வயதில் மறைந்தார்.