கராத்தேயில் முதல் அடி கிடையாது பாஸ்! - ஃபுனாகோஷியின் கதை

கராத்தேன்னதும் ஓடு உடைக்கிறதும் பறந்து உதைக்கிறதும்தான் நம்ம ஞாபகத்துக்கு வரும். ஆனா, சிவகாசி, விருதுநகர் பக்கம் வெள்ளை டிரெஸ், கலர் பெல்ட்டோட கிளாஸுக்குப் போற வாண்டுகளைக் கேட்டுப்பாருங்க. முதல் பாடமே குனிஞ்சு வணக்கம் வைக்கிறதுதான். கராத்தே மரியாதையில் தொடங்கி மரியாதையில் முடியணும்னு எழுதிவெச்சவர், கிச்சின் ஃபுனாகோஷி.

1868-ல் ஒகினாவா தீவின் ஷூரி நகரில் பிறந்தவர். சின்ன வயசுல செம நோஞ்சான். அசாட்டோ, இட்டோசுன்னு ரெண்டு ஆசான்களிடம் கராத்தே கத்துக்கிட்டதும்தான் உடம்பு தேறியது. அப்போ அது ரகசியக் கலை. பகலில் ஸ்கூல் வாத்தியார் வேலை, ராத்திரியில் பயிற்சி.

ஒருநாள் இரவு, சாமிக்குப் படைக்கப் பலகாரம் எடுத்துட்டுப் போனவரை ரெண்டு பேர் வழிமறிச்சாங்க. அடிச்சுப் போட்டிருக்கலாம். ஆனா பலகாரத்தைக் கொடுத்துட்டு நடையைக் கட்டிட்டார். விஷயம் தெரிஞ்ச ஆசான்கள் அவரைப் பாராட்டினாங்க.

1922-ல் கராத்தேயைச் செய்துகாட்ட டோக்கியோ போனவர் அங்கேயே தங்கிட்டார். கையில் காசில்லை. மாணவர் விடுதியில் வாசல் காவல், பெருக்குற வேலை, தோட்ட வேலைன்னு எல்லாம் பார்த்தார். 'சீனக் கை' என்ற பொருளில் எழுதப்பட்ட கராத்தேயை, உச்சரிப்பு மாறாமல் 'வெறுங்கை' என எழுத வெச்சார். கையில் ஆயுதம் இல்லாதது மட்டுமல்ல, மனசில் கர்வமும் இருக்கக் கூடாதுன்னு அர்த்தம். 20 கொள்கைகளையும் வகுத்தார். அதில் ரொம்ப பிரபலமானது, கராத்தேயில் முதல் அடி கிடையாது என்பது.

பட்டாசு மருந்தோடு புழங்கும் சிவகாசிக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். கையில் இருப்பதன் வீரியம் தெரிஞ்சவங்கதான் பதறாம, உரசாம நிதானமா கையாளுவாங்க.

1945-ல் போர் அவருடைய பயிற்சிக்கூடத்தை அழித்தது. அதே வருஷம் மகன் கிகோவும் இறந்தார். போருக்குப் பிறகு, 80 வயசை ஒட்டிய காலத்தில், டோக்கியோ தெருவில் ஒருவன் அவரைத் தாக்கிப் பறிக்கப் பார்த்தான். சட்டுனு மடக்கிப் பிடிச்சு போலீஸ்ல ஒப்படைச்சுட்டார். யாரா இருந்தாலும் பெருமையா சொல்லிக்குவோம். ஃபுனாகோஷி கூனிக்குறுகிப்போனார். போரிலிருந்து திரும்பி, வழியில்லாம நின்ன ஒருத்தன்கிட்ட, மாணவர்களுக்கு எதைச் செய்யாதேன்னு சொன்னேனோ அதையே செஞ்சுட்டேனேன்னு வருந்தினார்.

1957-ல், 88 வயதில் மறைந்தார். கமென்ட்ல ஒருத்தன் சீண்டினாலே பதிலுக்குப் பாய்கிற நமக்கு, ஜெயிச்ச பிறகும் வெட்கப்பட்ட அந்தத் தாத்தாதான் சரியான மாஸ்டர்!