கொல்லிமலையில் ஒரு வைத்தியத் தொண்டர்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியின் கொடையும், அறப்பளீசுவரர் ஆலயமும் தமிழ் மக்களுடைய நினைவில் எழுதல் இயல்பேயாம். அம்மலையில் வாழவந்தி என்னும் ஊரில், அந்நிய நாட்டுத் தம்பதிகள் இருவருடைய கல்லறைகள் உள்ளன என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அவ்விருவருள் கணவராகிய ஜெஸ்ஸி பிராண்டு என்பாரின் சரிதத்தை நம் வாசகர்கள் அறிந்துகொள்ளுதல் நலமென்று கருதுகிறோம்.

பிராண்டு 1885-ம் வருஷம் இங்கிலாந்தில் பிறந்தவர். கட்டட வேலை அவருடைய தொழில். அவர் பட்டம் பெற்ற டாக்டர் அல்லர். வெப்ப தேசத்து நோய்களைக் குறித்துச் சிறிது காலம் பயிற்சி பெற்றவர், அவ்வளவே. 1907-ல் கிறிஸ்தவ மிஷன் ஒன்றின் ஊழியராக நம் நாட்டுக்கு வந்து, அக்காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கொல்லிமலையின் நிலையை நேரில் கண்டார். மலேரியாவுக்கு அஞ்சிச் சமவெளியார் அங்கே தங்கத் துணிவதில்லை. ரஸ்தா இல்லை, வைத்தியர் இல்லை, நோயுற்றவர் கீழே இறங்குவதானால், டோலியிலேனும் பிறர் தோளிலேனும் செங்குத்தான பாதையில் வரவேண்டும். 1913-ல் எவ்லின் ஹாரிஸ் என்னும் மாதை மணந்து, மணநாளன்றே கொட்டும் மழையில் அவரையும் அழைத்துக்கொண்டு மலையேறினார். மறு வருஷம் அவர்களுக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது.

தாமே கட்டிய மரவீட்டின் தாழ்வாரந்தான் அவருடைய ஆஸ்பத்திரி. சுரமும், சீதபேதியும், சீழ்க்கட்டிகளும், பல்வலியும் நாள்தோறும் அவ்வாசலுக்கு வந்தன. நரம்புச் சிலந்தி நோய் அம்மலையில் மிகுந்திருந்தது. முழ நீளத்துக்கும் மேற்பட்ட புழு காலிலிருந்து வெளிப்படும். அவசரப்பட்டு இழுத்தால் உள்ளே அறுந்து புண் புரையோடும். ஆதலால் ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றிப் பல நாள் பொறுமையுடன் அதை எடுக்கவேண்டும். நோயாளி குளத்தில் கால் வைத்தால் புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அந்நீரைப் பருகியவருக்கும் நோய் வரும். மருந்தைவிடச் சுத்த நீரே இதற்குப் பரிகாரமென்பதை ஜனங்களுக்கு உணர்த்த அவர் பாடுபட்டார். பள்ளிக்கூடங்கள் வைத்தார், தச்சுத் தொழிலும் பட்டுப்புழு வளர்ப்பும் கற்பித்தார்.

ஆயினும் பல வருஷங்கள்வரை மலைமக்கள் அவரை முற்றும் நம்பினாரில்லை. 1918-19-ல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் கொல்லிமலையையும் விடவில்லை. ஜனங்கள் வீடுகளை விட்டோடினர். அப்போது தம்பதிகள் இருவரும் கஞ்சிப் பாத்திரத்துடன் ஊரூராகச் சென்று நோயாளிகளுக்கு ஊட்டினர். அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் மரணத் தறுவாயில் தம் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். அவநம்பிக்கையைப் போக்கியது உபந்நியாசமன்று, கஞ்சிப் பாத்திரமே.

மகன் பால் ஒன்பதாவது வயதில் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். பிறகு அவன் தகப்பனாரைக் காணவேயில்லை. எத்தனையோ பேருக்கு மலேரியாவுக்கு மருந்தளித்த பிராண்டு, அந்நோய் முற்றியதால் வரும் கருநீர்ச் சுரத்துக்கு இரையாகி, 1929 ஜூன் மாதம் 44-ம் வயதில் மாண்டார். மரணச் செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்த பின்னும், அவர் மகனுக்கு எழுதியிருந்த கடிதங்கள் கப்பலில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எவ்லின் அம்மையார் மலைகளை மறக்கவில்லை. 1947-ல் மிஷன் அவருக்கு ஓய்வளித்த பிறகும் கொல்லிமலை, கல்வராயன் மலை முதலிய இடங்களில் மட்டக்குதிரை மீதேறிச் சுற்றிவந்து, 1974-ல் 95-ம் வயதில் காலமாகிக் கணவரருகே அடக்கமானார். மகனோ 1946-ல் வேலூருக்கு வந்து, குஷ்டரோகிகளின் முடங்கிய கைகளை ரண சிகிச்சையால் இயங்கச் செய்து உலகப் புகழ் பெற்றார்.

பிராண்டு தம் மதத்தைப் பரப்பவே வந்தாரென்பதை நாம் மறைக்கவில்லை. நோயாளியின் துயரம் எந்த மதத்துக்கும் வாயிலாகக் கூடாதென்பதே நம் கொள்கை. ஆனால், பட்டணங்களில் பட்டம் பெற்ற நம்மவர் ஏறத் துணியாத மலையில் ஓர் அந்நியர் உயிரையே ஈந்தார் என்னும்போது நம் தலை தாழத்தான் வேண்டும்.

இச்சரிதம் கற்பிக்கும் பாடம் மற்றொன்றும் உண்டு. தனி மனிதரின் கருணையை அண்டி நிற்கும் ஆஸ்பத்திரி அவருடைய ஆயுளளவே நிலைக்கும். அவர் சாய்ந்தால் அதுவும் சாயும். தரும ஸ்தாபனத்தின் வாசலில் நிற்பவன் யாசகன். பொதுச் சொத்தான ஆஸ்பத்திரியின் வாசலில் நிற்பவன் உரிமையாளன். இதை உணர்ந்தே 1946-ல் போர் கமிட்டியார், கிராமந்தோறும் வைத்திய உதவி சர்க்காரின் கடமையாக வேண்டுமென்று திட்டம் வகுத்தனர். 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஏற்பட்டன. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று என்றால், மலைப் பிரதேசத்தில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. 2000-ல் நரம்புச் சிலந்தி நோய் இந்தியாவில் ஒழிந்ததென உலக சுகாதார ஸ்தாபனம் சான்று தந்தது. இது ஒருவருடைய தியாகத்தால் மட்டும் ஆகக்கூடியதன்று. தேசம் முழுவதும் செய்த முயற்சியின் பயன்.

இன்று நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் தார் ரஸ்தா இருக்கிறது; மலைமேல் சர்க்கார் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. கட்டடமும் பெயர்ப்பலகையும் மட்டும் வைத்தியம் ஆகா. பிரசவ வேதனை இரவில் வரும். பாம்பு முன்னறிவித்துக் கடிப்பதில்லை. மலையிலேயே குடியிருக்கும் டாக்டரும், தாதியும், குறைவற்ற மருந்தும் வேண்டும். பொதுச் சொத்து என்றால் கவனிப்பார் இல்லாத சொத்து என்று பொருளாகிவிடக் கூடாது. கிராம ஊழியத்தில் ஈடுபட்ட நம் தொண்டர்கள் அடிக்கடி மலையேறி, ஆஸ்பத்திரி திறந்திருக்கிறதா, டாக்டர் இருக்கிறாரா என்று விசாரிப்பார்களாக. வாழவந்தியில் உறங்குபவருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன், அவரைப்போல் இன்னொருவர் வந்து உயிர்விட அவசியமில்லாதபடி செய்வதேயாம்.